ஏழாம் நம்பர் மலை மண்

1999 பெப்ரவரி 9
பஸ் இல்லை. ஸ்பிரிங்வெளித் தோட்டப் பள்ளிக்கூடத்திலிருந்து நடந்தே வந்தேன். வீட்டில் சத்தியபாமாவின் கடிதம், இங்கிலாந்து முத்திரையோடு.

பதுளையில் ஒரே வாங்கில் இருந்து படித்தோம், பேராதனையிலும் ஒன்றாகத்தான். இரசாயனத்தில் அவளைவிட எனக்கு ஆறு புள்ளி கூட. அவள் ஆராய்ச்சி செய்கிறாள், நான் ஒன்பதாம் வகுப்புக்கு வெங்காயத் தோல் உரித்துக் காட்டுகிறேன்.

மண்ணில் வாழும் சில பற்றீரியாக்கள் அன்டிபயோட்டிக் செய்யும். அந்த மருந்தில் ஒட்டியிருக்கும் சர்க்கரை இல்லாவிட்டால் அது கிருமியைப் பிடிக்காது. சர்க்கரை செய்யும் பரம்பரையலகை (ஜீனை) எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்து, புதுச் சர்க்கரை ஒட்டிய மருந்தைச் செய்விக்கப் பார்க்கிறாளாம். அதற்குப் புதுப் பற்றீரியா தேட, உரமோ, புளிப்பை முறிக்கப் போடும் டொலமைட் சுண்ணாம்புத் தூளோ படாத தேயிலை மண் வேணும். 'ஜெயா, உன்னை விட்டா எனக்கு அங்க ஆர் இருக்கினம்?'

மண் தோண்ட மட்டும் நான்.

பெப்ரவரி 13
ஏழாம் நம்பர் மலைக்குப் போனேன். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்ட முன்னால் டொலமைட்டை வெள்ளையாகக் கொட்டிய மலை. கங்காணி மாரிசாமி அண்ணன் கண்டுவிட்டார்.

"டீச்சர், இது டொலமைட் தின்ன மண்ணுங்க. நல்ல மண்ணு காட்டோரமா இருக்கு."

"இது போதும்ண்ணே."

சீட்டில் 'ஏழாம் நம்பர் மலை. உரம், டொலமைட் படாதது' என்று அழகாக எழுதி ஒட்டினேன். ஒரு தடவையாவது அவளும் தோற்றுப் பார்க்கட்டும். என்ன புத்தி இது எனக்கு?

பெப்ரவரி 14
அவளுடைய அப்பா கனகசபை ஐயாவிடம் பொதியைக் கொடுத்தேன். மண்ணை இங்கிலாந்துக்கு அனுப்ப அனுமதிக் கடிதம் எடுத்து வைத்திருந்தார். "நல்ல சிநேகிதி பிள்ளை நீர்" என்றார். தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பி வந்தேன்.

1999 ஜூலை 2
கடிதம் இல்லை. நல்லது.

2001 ஒக்டோபர் 16
அவளுடைய கடிதம் வந்துவிட்டது. புதுப் பற்றீரியா என் மண்ணில்தான் கிடைத்ததாம். சர்க்கரையை மாற்றியாயிற்று, பழைய மருந்துக்கு அசையாத கிருமி தட்டில் செத்துவிட்டது. பற்றீரியாவுக்கு 'ஜெயா-7' என்று பெயர். கட்டுரையில் என் பெயரும் வருமாம்.

வயிறு எரியுது. கெடுக்கப் போனதும் அவளுக்கே வாய்க்குது.

புளித்த தேயிலை மண்ணில் இந்த வகை எப்படி இவ்வளவு வளர்ந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்குகிறது. டொலமைட் புளிப்பை முறித்திருக்கிறது. 'புளிப்பு மண்ணிலும் செழிக்கும் அரிய வகை' என்று எழுதப் போகிறாள். 'புளிப்பை அளக்க மண் மிச்சமில்லை. நீ எழுதினதை நம்பி எழுதுறன்.'

ஒக்டோபர் 17
பேசாமல் இருந்தால் ஒருநாள் யாராவது பிடிப்பார்கள். அவள்தான் தலைகுனிவாள் — அதைத்தானே கேட்டேன்? என் பெயரும் அச்சில் வரும்.

ஒக்டோபர் 19
பதுளைத் தபால் கந்தோர். ஒரு பக்கக் கடிதம். 'டொலமைட் போட்ட மண். தெரிந்தேதான் பொய் எழுதினேன். பொறாமை.' பெட்டியில் போட்டுவிட்டேன்.

2002 ஓகஸ்ட் 6
கட்டுரைப் பிரதி வந்தது. கூடக் கடிதம் ஒன்றும் இல்லை. என் பெயரைத் தேடினேன், எங்கேயும் இல்லை. மண் எடுத்த இடம் சரியாக இருந்தது: ஸ்பிரிங்வெளி, டொலமைட் இட்ட தேயிலை மலை.

பற்றீரியாவின் பெயர் ஜெயா-7. அதை அவள் மாற்றவில்லை.