இரண்டு மதில், ஒரு கிணறு

மே 14, 2025 புதன்

இவர் சந்தையில் இரண்டு வாழைக்குலை கொடுத்துவிட்டு, முகம் முழுக்கச் சிரிப்போடு வந்தார். சனசமூக நிலைய ஆண்டு விழாவில் பட்டிமன்றமாம். இந்தியாவும் பாகிஸ்தானும் அடிபட்டு ஓய்ந்த சூடு ஆறவில்லை, அதனால் தலைப்பும் அதுதான்: "வறுமை தீராத அயல்நாடுகளுக்கு முதலில் வேண்டியது படைபலமா, சோறா?" இவருக்குச் சோற்றுப் பக்கம் விழுந்திருக்கிறது.

"எங்கடை நாட்டுக் கணக்கையும் கதைக்கலாமோ எண்டு கேட்டன். செயலாளர் லோஜன், 'வேண்டாம் ஐயா, அயல்நாட்டோடை நிப்பம்' எண்டிட்டான்" என்றார்.

சமையலறைக் கூரைத் தகரம் போன மாரியிலிருந்து ஒழுகுகிறது, ஐப்பசி மழைக்கு முதல் மாற்றவேண்டும் என்று சொன்னேன். "ஓம் ஓம்" என்றார். பாகிஸ்தானில் நின்றுகொண்டு சொன்ன ஓம்.

மே 23, வெள்ளி

பக்கத்து வளவுத் தியாகராசா அண்ணை இவரோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் கதலி வாழை ஒன்று வேலிக்கு மேலால் அந்தப் பக்கம் சாய்ந்தது. மறுநாள் குலையைக் காணவில்லை. காற்றுக்கு விழுந்தது, மாடு தின்றுவிட்டது என்றார் அவர். மாடு கத்தியோடு வந்ததோ என்றார் இவர். அன்றோடு பேச்சு நின்றது, வேலை தொடங்கியது. இவர் கிளுவை வேலியைப் பிடுங்கி மதில் கட்டினார். அவரும் தன் பக்கத்தில் ஒன்று கட்டினார், இரண்டு கல் வரி உயரமாக. இவர் மூன்று வரி ஏற்றினார். அவர் கமரா பூட்டினார். இவர் இரண்டு பூட்டினார். அவர் நாய் கொண்டுவந்தார். இவர் அதைவிடப் பெரிய நாய் கொண்டுவந்தார். இப்போது இரண்டு மதிலுக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி. அதற்குள் ஓணான்கள் மட்டும் நிம்மதியாகச் சீவிக்கின்றன.

ஆனால் பங்குக் கிணறு சரியாக எல்லையில் இருக்கிறது. இரண்டு மதிலும் அங்கே வந்து நின்றுதான் ஆகவேண்டும். தியாகராசா அண்ணையின் மனைவி உதயகலாவும் நானும் ஒவ்வொரு காலையும் அங்கே சந்திக்கிறோம். நாய்கள் இரண்டும் எங்கள் காலடியில் ஒன்றாகப் படுத்துக் கிடக்கும்.

இன்று கலா சொன்னாள்: "குளிக்கிற இடத்துக் கதவு உக்கிப்போச்சு அக்கா, சாக்குத்தான் தொங்குது. கேட்டால், இந்தமுறைக் காசு மதிலுக்கு முள்ளுக்கம்பி அடிக்கவாம்."

ஜூன் 8, ஞாயிறு

இவர் பேச்சைப் பாடமாக்குகிறார். சமையலறையில் ஒழுக்குக்கு நான் வைத்த சட்டியைச் சுற்றிச் சுற்றி நடை.

"ஒருவன் ஓர் ஏவுகணை வாங்க, மற்றவன் இரண்டு வாங்குகிறான்! குழந்தையோ பசியோடு பள்ளிக்கூடம் போகிறது!"

"இஞ்சாருங்கோ, உது நல்லாயிருக்கு. திரும்பச் சொல்லுங்கோ" என்றேன். இன்னும் உரத்துச் சொன்னார். ஒன்றும் உறைக்கவில்லை. சிரிப்பை அடக்க ஒரு தேங்காயை முழுவதும் துருவித் தள்ளினேன்.

பின்னேரம் லோஜன் வந்து, சோற்றுப் பக்கத்தின் இரண்டாவது பேச்சாளர் தியாகராசா ஐயா என்று சொல்லிவிட்டுப் போனான். "சீட்டுக் குலுக்கித்தான் எடுத்தது ஐயா." அவன் முகத்தைப் பார்த்தால் குலுக்கினமாதிரித் தெரியவில்லை. விலகப்போவதாக இவர் குதித்தார். விலகினால் அவர் மட்டும் மேடையில் நிற்பார் என்றேன். அடங்கிவிட்டார்.

ஜூன் 17, செவ்வாய்

குலைக் காசு மொத்தமாக வந்தது. மதிலில் இன்னும் இரண்டு வரி ஏற்றக் கல்லுக்குச் சொல்லப்போகிறாராம். அப்ப என்ரை கூரை?

"அவன் முள்ளுக்கம்பி அடிக்கப்போறான் ஞானம். நான் பாத்துக்கொண்டிருக்கிறதோ?"

முள்ளுக்கம்பிக் கதையை இவருக்கு யார் சொன்னது? நான்தான். கிணற்றடியில் கேட்டதைச் சோறு போடும்போது உளறிவிட்டேன். என்ரை வாயைத் தைக்க வேணும். மாரி முழுக்க ஈர விறகோடை மாரடிக்கப்போறது ஆர், இவரோ? நல்ல கோபம் வருகிறது. இன்று இரண்டாம் முறை சோறு கேட்டபோது கேட்காததுபோல் இருந்துவிட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

இன்று பட்டிமன்றம். எழுதாமல் படுக்க முடியாது.

படைபலத்தின் பக்கம் பேசியவள் நிவேதனா, கோப்பாய்ப் பிள்ளை, கம்பஸில் படிக்கிறாள். எங்கள் ஊர்க் கதை அவளுக்குத் தெரியாது. "பக்கத்து வீட்டுக்காரர் மதிலை உயர்த்திக் கமராவும் பூட்டினால், நீங்கள் கிளுவை வேலியோடை பேசாமல் இருப்பியளோ?" என்று கேட்டாளே பார்க்கலாம். சபை கொல்லென்று சிரித்தது. அந்தப் பிள்ளை திகைத்துத் தன் சீலையைக் குனிந்து பார்த்தாள். பிறகு விட்டுக்கொடுக்காமல் பேசினாள்: "சிரிக்காதையுங்கோ. அந்தப் பயம் பொய்யில்லை. ரெண்டுபேரும் குறைக்கத்தான் வேணும். ஆர் முதல் குறைக்கிறது?"

சபையில் பாதிப்பேர் இவரைப் பார்த்தார்கள், மீதிப்பேர் தியாகராசா அண்ணையைப் பார்த்தார்கள். கலா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இவர் எழும்பினார். கையிலிருந்த தாளைப் பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மனிசன் இறங்கி வீட்டுக்குப் போகப்போகிறார் என்றே நினைத்தேன்.

"பிள்ளை சொல்லுறது சரி. பயம் உண்மை. ஆனால் ஒண்டு சொல்லுறன். வேலி இருக்கேக்கை நான் நல்லாய் நித்திரை கொண்டனான். மதில் கட்டின பிறகுதான் எழும்பி எழும்பிக் கமரா பாக்கிறன். அதிலை ஓணானைத் தவிர வேறை ஒண்டையும் காணேல்லை. என்ரை மனிசி மழைக்குச் சட்டி வைச்சுச் சமைக்கிறா. இதுக்கு மேலை நான் என்னத்தைச் சொல்ல?"

ஒருவரும் சிரிக்கவில்லை. என்னைச் சொல்லிவிட்டாரே என்று வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. அழுதேனா? கொஞ்சம்.

தியாகராசா அண்ணை எழும்பினார். "எங்கடை வீட்டிலை கதவுக்குப் பதிலாய்ச் சாக்குத் தொங்குது. மற்றதெல்லாம் இவர் சொல்லிப்போட்டார்." இருக்கப் போனவர் திரும்பவும் ஒலிவாங்கியைப் பிடித்தார். "ஆனால் அந்தக் குலை காத்துக்குத்தான் விழுந்தது!"

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. ஆனாலும் நடுவர், வாதத்திறமையில் சிறந்தது படைபலமே என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். சோறு தோற்றுவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு ஆண்களும் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஆளுக்கொரு கரையால் நடந்தார்கள். எங்கள் வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பும்போது இவர், யாருக்கோ சொல்வதுபோல், "உவன் நடுவருக்கு மண்டைக்குள்ளை ஒண்டுமில்லை" என்றார். மற்றக் கரையிலிருந்து, "தீர்ப்பை வீட்டிலையே எழுதிக்கொண்டு வந்திருப்பான்" என்று பதில் வந்தது. இரண்டு வருடத்தின் பின் பேசிய முதல் பேச்சு இதுதான். நடுவர் நல்லாயிருக்க வேண்டும்.

ஜூன் 30, திங்கள்

ஆர் முதல் குறைக்கிறது என்று காலை முழுக்க இழுபறி. இவர் முதலில் கமராவைக் கழற்ற மாட்டாராம். அவரும் மாட்டாராம். கடைசியில் இரண்டுபேரும் ஆளுக்கொரு ஏணியில் ஏறி நிற்க, நானும் கலாவும் கிணற்றடியில் நின்று "ஒண்டு, ரெண்டு, மூண்டு" சொன்னோம். முதல் தரம் இருவருமே கழற்றவில்லை! மற்றவர் கழற்றுகிறாரா என்று பார்த்துக்கொண்டு நின்றார்களாம். இரண்டாம் தரம் கமராக்கள் இறங்கின.

கல்லுக்காரனுக்கு வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

ஜூலை 12, சனி

தகரம் வந்தது. நான் பச்சை கேட்டேன், இவர் நீலம் வாங்கி வந்திருக்கிறார். பரவாயில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மதிலில் மேல் வரிகளைக் கழற்றுகிறார்கள். இவர் ஒரு வரி, அவர் ஒரு வரி. தன் வரியில் ஒரு கல் கூடுதலாகக் கழன்றுவிட்டது என்று தியாகராசா அண்ணை ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார். கழற்றிய கற்களில் கலாவுக்குக் குளிக்கிற இடம் எழும்புகிறது. கதவும் வந்துவிட்டது.

ஒக்ரோபர் 24, வெள்ளி

மத்தியானம் நல்ல மழையும் காற்றும். பழக்கதோசத்தில் சட்டியை எடுத்து அந்த இடத்தில் வைத்துவிட்டேன். கொழுக்கட்டை அவிந்து முடிந்த பிறகும் சட்டிக்குள் ஒரு சொட்டுக்கூட இல்லை. அதிலேயே கொழுக்கட்டையைப் போட்டு இவருக்கு முன்னால் வைத்தேன்.

அப்போது மதிலுக்கு மேலால் தியாகராசா அண்ணையின் குரல், மழையை விட உரத்து: "கேதீஸ்! உன்ரை கதலி இந்தப் பக்கம் சாயுது! குலையோடை வரப்போகுது!"

இவர் வாயில் போட்டதை மெல்லாமல் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சட்டியை இன்னும் கிட்டத் தள்ளினேன். ஏதாவது சொன்னால் கெட்டுவிடும்.

"அப்ப ஒரு தடியை முண்டு குடுத்துவிடு தியாகு!" என்று கத்தினார். "அவசரமில்லை, நான் சாப்பிட்டிட்டு ஆறுதலாய் வாறன்."