மழைக்கு ஒரு பதில்

12.10.1956, ஹட்டன்

தேயிலைத் தோட்டத்துக்கு அரிசி அனுப்பும் வேலையை எங்கள் கடைக்குக் கேட்டு இன்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரையைப் பார்த்தேன். அப்பா பங்களாப் படியேறவே பயப்படுவார். எனக்கும் பயம்தான். அதனால் ஒரு வாரமாக வீட்டில் ஒத்திகை பார்த்தோம்; தங்கை துரையாக நடித்து, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்டாள்.

"மழையில ரோடு சரிஞ்சா என்னா செய்றது, மேன்?"

"குறுக்குப் பாதையில மாட்டு வண்டி வரும், தொரை."

துரையும் அதையே கேட்டார். ஒத்திகையில் சொன்ன அதே பதிலை ஆங்கிலத்தில் தடுமாறாமல் சொன்னேன். வேலை கிடைத்தது.

வீட்டில் சொன்னதும் தங்கை சிரித்தாள். "அந்தப் பாதையில வண்டி போகுமாண்ணே? சும்மா சொல்றீங்கன்னுல்ல நெனச்சேன்."

நான் அந்தப் பாதையைப் பார்த்ததே இல்லை.

வெளியே மழை விடவில்லை. நாளை மறுநாள் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்கு அரிசி போயாக வேண்டும். துரையைப் பற்றிய பயம் போய்விட்டது. இந்தப் பயத்துக்கு ஒத்திகை உதவாது. விடிந்ததும் அந்தப் பாதையில் நடந்து பார்க்க வேண்டும்.