குளிர் காரும் என் கையொப்பமும்

அன்புள்ள மரியகொறற்றி,

கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள். முதன்முதலாக நானே எழுதுகிறேன். உன் மூட்டுவலி எப்படி? நான் சுகம்.

நேற்று கராஜ் முதலாளி பௌஸியோடு வெள்ளவத்தையில் காரில் போனேன்.

"அண்ணே, திரவ ஹைட்ரஜன்ல ஓடுற கார் வரப்போகுதாம். ஐஸைவிடக் குளிரான எரிபொருள். இஞ்சினுக்குப் போற வழியிலயே காருக்குள்ளயும் குளிராக்குமாம்."

"செக்பொயின்ற்றில கண்ணாடியை இறக்கினா, குளிரெல்லாம் ஆமிக்காரருக்குத்தானே!" என்றேன்.

சிரித்ததில், காரை நிறுத்தச்சொல்லி செக்பொயின்ற்றில் ஆமிக்காரர் ஊதிய விசில் சத்தம் மூடிய கண்ணாடிக்குள் கேட்கவில்லை. பயப்படாதே, சுடவில்லை. அடையாள அட்டையில் மன்னார் என்றிருந்ததால் என்னை மட்டும் பொலிசுக்குக் கொண்டுபோனார்கள். எனக்குப் பயம் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை.

அங்கே ஒரு தாளை வைத்து, கைநாட்டுக்கு மைப்பெட்டியைத் தள்ளினார்கள். நான் பேனா வாங்கி என் நீளப் பெயரை முழுதாக எழுதினேன்! தாளில் மேலே இருந்ததெல்லாம் சிங்களம். என்னவென்று தெரியாது.

திங்களன்று மறுபடி வரச்சொன்னார்கள். பங்குத்தந்தையிடம் என்னைப் பற்றி ஒரு கடிதம் வாங்கி உடனே அனுப்பு. உடுக்கப் பழைய சாரம் ஒன்றும் அதோடு வை. திங்கள் திரும்பி வந்ததும், இதைவிட நேரான எழுத்தில் எழுதுவேன்.

கொன்ஸ்ரன்ரைன்