உன் கையெழுத்தில்லாத சான்றிதழ்

அன்புள்ள சுமதி,

நீ போன பிறகு ஒரு பருவத் தேர்வும் முடிந்துவிட்டது. உன் நாற்காலியில் இப்போது வேறொரு பெண் உட்காருகிறாள். நல்ல பெண்தான். அவளோடு நான் இன்னும் சரியாகப் பேசவில்லை. சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் கல்லூரிக்கு வந்து போவதே போதும் போதும் என்றிருக்கிறது.

பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் பெண்களுக்குச் சனிக்கிழமைகளில் கணினியில் விளம்பரம் வடிவமைக்கச் சொல்லிக்கொடுத்தாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். வகுப்பை முடித்தாய். சான்றிதழ் கொடுப்பதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாய். அவர்களில் ராணி கல்லூரிக்கே தேடி வந்தாள். ஈரோட்டில் ஒரு பிளெக்ஸ் கடையில் வேலை இருக்கிறதாம். திங்கட்கிழமைக்குள் சான்றிதழ் காட்ட வேண்டுமாம். தறிச் சத்தத்தில் இனி நிற்க முடியாது என்று காதைத் தொட்டுக் காட்டினாள்.

நீ செய்து வைத்த சான்றிதழ்க் கோப்பை என் கணினியில் திறந்தால், தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து கிடந்தன. நீ பயன்படுத்திய ஃபான்ட் எதுவும் என்னிடம் இல்லை. உன் பென்டிரைவிலிருந்து ஏற்றினேன். மென்பொருளை மூடித் திறக்க வேண்டும் என்று தெரியாமல், பட்டியலில் காணோமே என்று திரும்பத் திரும்ப ஏற்றினேன். இத்தனை ஃபான்ட் எதற்குச் சேர்த்தாய்? கல்யாணத்துக்கு ஒன்று, காதுகுத்துக்கு ஒன்று, கண்ணீர் அஞ்சலிக்கு ஒன்று.

அதே ஃபோல்டரில் உன் கையெழுத்தும் ஒரு படமாக இருந்தது. பின்னணி நீக்கி, நீல மையில். சிகிச்சை நாட்களில் வேலை நிற்கக் கூடாதென்று நீயே செய்து வைத்தது. அலுவலகக் கண்காணிப்பாளர் எட்டிப் பார்த்தார்.

"அதான் இருக்குதில்லீங்க மேடம், தூக்கி வெச்சு உடுங்க. தேதிய மட்டும் முன்னால போட்டுக்கலாம்."

"அவ உசுரோட இல்லீங்க சார்."

"அதெல்லாம் யாருங்க பாக்கறாங்க?"

"நான் பாத்துட்டுத்தானுங்க இருக்கறேன்."

அவர் போன பிறகு, அந்தப் படத்தை இழுத்துச் சான்றிதழின் கையெழுத்துக் கோட்டின்மேல் வைத்துப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. எடுத்துவிட்டேன். நீயாக இருந்தால் வைத்திருப்பாயோ?

நான் கையெழுத்துப் போடலாம். ஆனால் நான் பார்க்காத பயிற்சிக்கு எப்படிப் போடுவது? சனிக்கிழமை எல்லாரையும் வரச் சொன்னேன். புது ஃபான்ட் ஒன்றை ஏற்றி, ஏதாவது ஒரு கடைக்கு விளம்பரம் செய்து காட்ட வேண்டும்.

"ஏனுங்க மேடம், சுமதி மேடம் சிரிச்சுட்டே சொல்லிக் குடுப்பாங்க. நீங்க வந்ததும் பரீட்சை வெக்கறீங்க" என்றாள் ராணி.

"இந்த மேடத்துக்குச் சிரிக்கற ஃபான்ட்டே ஏத்தலையாட்ட இருக்குது" என்று பின்னாலிருந்து பார்வதி சொன்னாள். கேட்காதது போல நின்றேன்.

ராணி ஒரு பிரியாணிக் கடைக்குச் செய்தாள். மஞ்சள் கொஞ்சம் அதிகம். ஆனால் வாசலில் வைக்கலாம். சான்றிதழில் பயிற்சி அளித்தவர் என்று உன் பெயரை அச்சில் போட்டேன். கீழே, செய்யச் சொல்லிப் பார்த்தவர் என்று ஒரு வரி சேர்த்து, அன்றைய தேதியோடு பேனாவால் என் கையெழுத்தை இட்டேன். பிளெக்ஸ் கடைக்காரர் அதை ஓரமாக வைத்துவிட்டு, நேராகக் கணினி முன்னால் உட்காரச் சொன்னாராம். ராணி இப்போது வேலைக்குப் போகிறாள்.

பார்வதிக்கு மட்டும் செய்ய வரவில்லை. ஃபான்ட்டை ஏற்றினாள். அதற்குமேல் கை நகரவில்லை. "ஊட்ல கம்ப்யூட்டர் இல்லீங்க மேடம், மறந்து போச்சுங்க" என்று தலையைக் குனிந்துகொண்டாள். நீயாக இருந்தால் சான்றிதழைக் கொடுத்தனுப்பியிருப்பாய். என்னால் முடியவில்லை. அவளுடையது கையெழுத்தில்லாமல் என்னிடமே இருக்கிறது. செய்தது சரிதானா, சுமதி? கேட்க ஆளில்லை.

வருகிற சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். "வாரேனுங்க" என்றிருக்கிறாள். எனக்குச் சனிக்கிழமை என்றால் படுத்தால் போதும் என்றிருக்கும். ஆனாலும், அவளாக ஒரு விளம்பரம் செய்து முடிக்கிறவரை, எத்தனை சனிக்கிழமை ஆனாலும், ஆய்வகத்தைத் திறந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

கூடப் பிறக்காமலே நீ அக்கா என்று கூப்பிட்ட,
மரகதம்