உப்பு வயலுக்கு அனுப்பிய விதை

ஆகஸ்ட் 9

அன்புள்ள சின்னவளுக்கு,

நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சுகந்தானே? இங்கே சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

போன வருஷப் புயலில் கடல் தண்ணீர் வாய்க்கால் வழியே ஏறி எங்கள் வயலை உப்பாக்கியது உனக்குத் தெரியும். உப்பைத் தாங்கும் நெல் உன்னிடம் இருக்கிறது என்றாய். நம்பித்தான் கேட்டேன். விதைத்துப் பதினெட்டு நாள் ஆகிறது. அங்கங்கே நாலு முளை, அதுவும் நுனி கருகி நிற்கிறது. நேற்று நெல் வியாபாரி வந்தவர், "உங்க தங்கச்சி வயலைப் பாத்தீங்களா? பச்சைப் பசேல்னு நிக்குது" என்றார்.

ஒரே விதை. அங்கே முளைக்கிறது, இங்கே முளைக்கவில்லை. எப்படி?

கேட்கக் கூடாதுதான், மனசு கேட்கவில்லை. நல்ல மணியை வைத்துக்கொண்டு, புடைத்துத் தள்ளியதை எனக்குக் கட்டி அனுப்பினாயா? சின்ன வயதில் பழம் நறுக்கினால் பெரிய துண்டு எப்படியோ உன் கைக்குத்தானே போகும்.

அக்கா

ஆகஸ்ட் 16

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டாம் முறை படிக்க எனக்குத் தெம்பில்லை.

உனக்கு அனுப்பியது இந்த வருஷத்துப் புது மணி. நான் விதைத்தது போன வருஷத்துப் பழசு. "அக்காவுக்குப் புதுசு, நமக்குப் பழசா?" என்று இவர்கூட முணுமுணுத்தார்.

எங்கள் வயலிலும் மூன்று வருஷத்துக்கு முன் உப்பு ஏறியது. விதை மட்டும் போதாது அக்கா. மழைத் தண்ணீரை வயலில் தேக்கி, இரண்டு நாள் நிற்கவிட்டு, வடிக்க வேண்டும். இப்படி மூன்று முறை. உப்பு கரைந்து போன பிறகுதான் விதை. இதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதி விதைப் பைக்குள் மேலாக வைத்தேனே, பார்க்கவில்லையா?

உன் தங்கை

ஆகஸ்ட் 22

சின்னவளுக்கு,

பையை உதறிப் பார்த்துவிட்டேன். சீட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. பயிர் போனது போகட்டும். இல்லாத சீட்டைச் சொல்லி என்னை முட்டாளாக்காதே. எங்கள் வீட்டில் உன் மாமாவுக்கும் இதில் வருத்தம்தான்.

இனி நீ சிரமப்பட்டுப் பதில் போட வேண்டாம்.

அக்கா

ஆகஸ்ட் 27

அக்கா,

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பையை முதலில் பிரித்தது யார்?

தங்கை

செப்டம்பர் 3

என் சின்னவளே,

உன் மாமாதான். பை வந்த அன்று நான் சந்தைக்குப் போயிருந்தேன்.

சோறு போட்டுக்கொண்டே கேட்டேன். தட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: "ஆமா, இருந்துச்சு. முப்பது வருஷமா விதைக்கிறவன் நான். எப்படி விதைக்கணும்னு அவ எனக்குச் சீட்டு எழுதி அனுப்புவாளா? கிழிச்சுப் போட்டேன்."

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். உன்னை ஏசி இரண்டு கடிதம் எழுதினேனே, இரண்டு முறையும் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். "என்ன எழுதுற?" என்றும் கேட்டார். சொன்னேன். தலையாட்டினார்.

நேற்று நல்ல மழை. மண்வெட்டியை எடுத்துப் போய் நானே வரப்பை உயர்த்தினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், அந்தப் பக்கம் போய் மடையை அடைத்தார். பேச வாயெடுத்தார், நான் இடம் கொடுக்கவில்லை.

இன்னும் இருபது நாளுக்குள் விதைத்தால் பிழைத்துக்கொள்ளலாம். விதை மிச்சம் இருக்கிறதா? கேட்க எனக்கு முகமில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

அக்கா

செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

பழைய விதையில் கொஞ்சம் இருக்கிறது. அனுப்பி வைக்க மாட்டேன். வியாழக்கிழமை பஸ்ஸில் நானே கொண்டு வருகிறேன்.

வந்ததும் பையை உன் கையால் பிரி. மாமாவும் பக்கத்தில் நிற்கட்டும். நீ விரும்பிய இடத்திலிருந்து ஒரு பிடி அள்ளி ஈரத்துணியில் கட்டி வை. மூன்று நாள் அங்கேயே இருப்பேன்.

முளை வந்ததை நீ பார்த்த பிறகுதான் உன் வீட்டில் கை நனைப்பேன்.

உன் தங்கை