ஆழக் கருவியின் ஐந்து வாரம்

பெப்ரவரி 3, செவ்வாய்
மைனஸ் இருபத்தாறு. வீட்டுப் பக்கத்துப் பியர்பொன்ட்ஸ் பஸ் பிந்தி. கண்ணிமை மயிரில் பனி.

கப்பலிலிருந்து செய்தி: கயிறு மேலே வந்துவிட்டது! எங்கள் நான்கு அளவுக் கருவிகளைக் கட்டி, இரண்டு வருடம் தெற்குக் கடலின் அடியில் நங்கூரத்தோடு நின்ற கயிறு. ஒலிச் சைகை கொடுத்ததும் நங்கூரத்தை விட்டுவிட்டு மிதவைகளோடு எழும்பியதாம். ஆய்வுக்கூடத்தில் கைதட்டல். பேராசிரியர் கண்ணைத் துடைத்தார். போன முறை போட்டது வரவேயில்லை.

கார்த்திக் (எதிர் மேசை, சென்னைக்காரன்): "ஏய், ட்ரீட் எப்போ? உன் பிள்ளைங்க நாலும் கரை சேந்துட்டாங்க."
"முதல்ல கருவியளைத் திறக்கட்டும். பேந்து தாறன்."
"உங்க ‘பேந்து’ எந்த வருஷத்துல வரும்?"

தெருமுனைக் கடை டெப்பனரில்: பால், வாசல் படிப் பனி உருக உப்பு.

பெப்ரவரி 5, வியாழன்
மூன்று கருவிகள் சரி. நான்காவது, எல்லாவற்றிலும் ஆழத்தில் இருந்தது, ஐந்து வாரத்தோடு நின்றுவிட்டது. அடித்தண்ணீர் சூடாகிறதா என்பதுதான் எங்கள் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது அந்த ஒன்றுதான்.

பற்றரி தீர்ந்துபோயிற்றாம். போட்டது யார் என்று பேராசிரியர் கேட்டார். கார்த்திக் கை உயர்த்தினான், வகுப்பில் போல. அவனுடைய ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. விசாவும் அதோடுதான்.

பெப்ரவரி 6, வெள்ளி
கப்பல் அனுப்பும் தரவு முதலில் என்னிடம் வரும். திறந்தேன். நான்காவதன் தரவில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் பத்து வினாடி.

மணிக்கு ஒன்று இருக்கவேண்டும். மேசையில் சோதிக்கும்போது மட்டும் பத்து வினாடிக்கு ஒருமுறை அளக்க வைப்போம். பெட்டியில் அடைக்கும்முன் திரும்ப மாற்றுவது என் வேலை. அனுப்பிய அன்று லொறி வாசலில் நின்றது, சாரதி ஹோர்ன் அடித்தபடி. மூன்றை மாற்றினேன். பட்டியலில் நான்குக்கும் சரி போட்டேன்.

பற்றரியில் பிழை இல்லை. அடிக்கடி அளந்தே தீர்ந்திருக்கிறது.

தரவை மணிக்கு ஒரு வரியாகச் சுருக்கித்தான் மற்றவர்களுக்குக் கொடுப்பது வழக்கம். சுருக்கினால் பத்து வினாடி யார் கண்ணிலும் படாது. சுருக்கினேன். சேமித்தேன். ஒரு நிமிடமும் ஆகவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

பெப்ரவரி 8, ஞாயிறு
அம்மா: "என்ன பிள்ளை, கறி ஆறுது. முகம் ஏன் உப்பிடிக் கிடக்கு?"
"வேலையில ஒரு பிழை விட்டிட்டன்."
"ஆருக்கும் தெரியுமோ?"
"இல்லை."
"அப்ப வாயைப் பொத்திக்கொண்டிரு."
இங்கே வந்த புதிதில், தையல் தொழிற்சாலையில் தன் பிழையைத் தானே சொல்லி வேலையை இழந்தவர். அவரிடம் வேறென்ன எதிர்பார்த்தேன்?
"கார்த்திக்கில பழி போடுகினம், அம்மா."
"ஆர், இங்க வந்து பத்து வடை சாப்பிட்ட அந்த மெலிஞ்ச பெடியனிலயோ?"
கோப்பையைக் கழுவினார். திரும்பவும் கழுவினார்.

பெப்ரவரி 9, திங்கள்
காலையில் கார்த்திக்: "பழைய பேட்டரிய போட்டுட்டேனோன்னு யோசிச்சுட்டே இருக்கேன். நாலு நாளா சாப்பாடே இறங்கல."

பேராசிரியரின் கதவைத் தட்டினேன். எல்லாம் சொன்னேன், சுருக்கியதையும். கத்தவில்லை. அந்த இரண்டு வருடத்தை இனி யாராலும் அளக்க முடியாது என்றார். பிழை யாருக்கும் வரும், மறைத்த மூன்று நாளை என்ன செய்வது என்று கேட்டார். அடுத்த கப்பலில் போவோர் பட்டியலில் என் பெயரை அடித்தார். பேனா எழுதவில்லை, உதறிவிட்டு மறுபடி அடித்தார்.

பிறகு கார்த்திக்கிடம். அவன் லாப்டொப்பை மூடினான்.
"உனக்கு வெள்ளிக்கிழமையே தெரியும். எதிர்லயே உக்காந்திருந்தே."
ஓம் என்றேன்.

பெப்ரவரி 12, வியாழன்
பனி. மெட்ரோ நின்று நின்று.
கார்த்திக்குக்கு ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடம் கிடைத்திருக்கிறது. வாழ்த்தினேன். தலையாட்டினான்.

புதுக் கருவிகள் நான்கு. இனி என் சரிக்குப் பக்கத்தில் அவனுடைய சரியும் வேண்டும். முதலாவதை மணிக்கு ஒன்று என மாற்றினேன். மாற்றிவிட்டேன் என்று அவனிடம் சொன்னேன்.
"ஸ்க்ரீனைத் திருப்பு."
திருப்பினேன்.