பதினேழு ஒன்றுகள்

செவ்வாய் இரவு, ஹம், ஜெர்மனி

பதினேழு ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வரும் எண் முதன்மை எண், அதாவது பகா எண், அல்ல. மியூன்ஸ்டரில் கணிதம் கற்பிக்கும் பேராசிரியை இன்று மதியம் தொலைபேசியில் உறுதிப்படுத்தினார். 20 இலட்சத்து 71 ஆயிரத்து 723 அதை மீதியின்றி வகுக்கிறது.

அது முதன்மை எண்தான் என்று கட்டுரை எழுதி எங்கள் பத்திரிகையில் போடச் சொன்னவர், பேருந்து ஓட்டும் தவம். மூன்று குளிர்காலம் பென்சிலால் வகுத்துப் பார்த்தவர். வேலையிடத்தில் எல்லோரிடமும் சொல்லியும் விட்டார். தயங்கித்தான் அழைத்தேன்.

“எந்த எண்ணால பிரியுதாம், அண்ணை?”

சொன்னேன்.

“ஐயோ, நான் இருபது லட்சத்தோட நிப்பாட்டிப்போட்டன்!” பிறகு மனைவியிடம் கத்தினார். “ஊன்ட்றொப் அம்பாள் கோயில் தேருக்கு முன்னம் முடியுங்கோ எண்டு நீர்தானே ஒற்றைக் காலில நிண்டனீர்!”

“ஓம், இனி அம்பாளிலயும் பிழையைப் போடுங்கோ” என்றார் அவர், பின்னால் இருந்து.

தவம் சிரித்துவிட்டார். “கட்டுரையை எறிஞ்சுபோடாதேங்கோ, அண்ணை. பத்தொன்பது ஒண்டு எப்பிடியெண்டு கேட்டுப் பாருங்கோ.”

எனக்கும் ஆவல் தொற்றிவிட்டது. பத்தொன்பது ஒன்றுகளை எழுதி மூன்றாலும் ஏழாலும் வகுத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒன்று மிஞ்சியது. பேராசிரியை வியாழன் காலை பதில் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பக்கம் அன்று மாலைதான் அச்சுக்குப் போகிறது.